பெரு நாட்டின் பழஞ்செல்வங்கள்

தென்னமெரிக்காவின் மேற்குக் கரையில் பெரு என்னும் நாடு அமைந்துள்ளது. ஆண்டீஸ் மலைத்தொடர் அந்நாட்டின் நடுவே நெடிது கிடக்கின்றது. மலைக்கு மேற்கே மழை அறியாப் பாலைநிலம். கிழக்கே கதிரொளி அரிதிற் புகும் அமேசான் காடு. இடையே பனி மூடிய கொடுமுடிகள். இம்மூவகை நிலத்திலும் தொன்றுதொட்டு வாழ்ந்த மக்கள் தத்தம் அடையாளங்களை விட்டுச் சென்றுள்ளனர். அவற்றுள்ளும் இயற்கை வளங்களுள்ளும் 13 இடங்களை 2021ஆம் ஆண்டு வரையில் யுனெஸ்கோ கழகம் உலகின் பொதுச் செல்வங்களாக ஏற்றுள்ளது. பட்டியலிற் சேர்த்தல் எளிது, காத்தல் அரிது. ஏனெனில், இடந்தோறும் பகை வேறுபடுகின்றது.

இவற்றுள் உலகறிந்தது மச்சு பிச்சு. பச்சகுட்டி என்னும் இன்கா மன்னன் 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய நகர் இஃது என்பர். கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 2,430 மீட்டர் உயரத்தில் இரு சிகரங்களுக்கு இடையே இது நிற்கின்றது. சுண்ணமும் சாந்தும் இன்றிக் கல்லோடு கல் பொருந்த வைத்த அதன் சிறந்த சுவர்களில் கத்திமுனையும் நுழையாது. படிப்படியாக அமைந்த வயல்களின் அடியில் பருங்கல்லும், அதன்மேற் சரளையும், அதன்மேல் மணலும் மண்ணும் பரப்பி, பெருமழை நீர் தங்காது வடியுமாறு செய்தனர். நகர் சரியாது நிற்பதற்கு இம்மறைந்த வேலையே காரணமாகும். 1911இல் ஹிராம் பிங்காம் என்னும் அமெரிக்கர் அங்குச் சென்று அதனை உலகிற்கு அறிவித்தார். அவர் ‘கண்டுபிடித்தார்’ என்று எழுதுவோர் உளர். அவர் சென்றபோதே உழவர் சிலர் அங்குப் பயிரிட்டு வாழ்ந்திருந்தனர்! அவர் ஏல் பல்கலைக்கழகத்திற்குக் கொண்டு சென்ற தொல்பொருள்கள் நெடிய வழக்காட்டிற்குப் பின் 2011, 2012ஆம் ஆண்டுகளில் தாயகம் திரும்பின. இன்று அந்நகரை நலிவிப்பது அதனைக் காண வரும் கூட்டமே. ஆதலின் நாள்தோறும் இத்துணையர் என வரையறுத்து, குறித்த வழியே செல்லுமாறு விதித்துள்ளனர்.

கற்கோட்டைக்குக் கால்கள் பகை. மண்கோட்டைக்கு மழை பகை. வடகரையில் உள்ள சான் சான், சீமு அரசின் தலைநகர். மீனும் பறவையும் வலைக்கண்ணும் செதுக்கிய அதன் சுவர்கள் அனைத்தும் சுடாத மண்ணால் ஆயவை. மழை காணா நிலமாதலின் அவை நிலைத்தன. ஆயினும், பசிபிக் கடல் வெப்பமுறும் எல் நினோ ஆண்டுகளில் அங்கும் பெருமழை கொட்டுகின்றது. அதனால் 1986இல் உலகச் செல்வமாக ஏற்கப்பட்ட அதே ஆண்டிலேயே அந்நகர் இடருற்றவற்றின் பட்டியலிலும் இடம்பெற்றது.

தெற்கே நாஸ்காப் பாலையில் கோட்டையும் இல்லை, சுவரும் இல்லை. நிலமே அங்கு ஓவியப் பலகை. மேலே கிடக்கும் கருஞ்செங்கற்களை அகற்றினால் அடியிலுள்ள வெளிறிய மண் கோடாகத் தோன்றும். இங்ஙனம் ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே குரங்கும் சிலந்தியும் ரீங்காரச்சிட்டும் பேருருவாக வரைந்தனர். இக்கோடுகளின் அருமை அறியாது, பல்லி உருவின் ஊடே நெடுஞ்சாலை ஒன்று போடப்பட்டது. செருமனியிற் பிறந்த கணித ஆசிரியையான மரியா ரைகே, இக்கோடுகளை அளப்பதிலும் காப்பதிலும் தம் வாழ்நாளைச் செலவிட்டார். துடைப்பம் ஏந்திப் பாலையைப் பெருக்கிய அவரை, பித்தர் என எண்ணியோரும் உண்டு. நூல் விற்ற பணத்தைக் கொண்டு காவலரை அமர்த்தினார். இக்கோடுகள் வானநூற் குறிப்புகள் என்னும் அவர் கருத்தைப் பிற்கால அறிஞர் பலர் ஏற்றிலர். ஆனால், ஆராய்வதற்குக் கோடுகள் எஞ்சியிருத்தல் பெரிதும் அவர் உழைப்பின் பயனாகும். 1998இல் அவர் மறைந்தார். 2018இல் சரக்குந்து ஒன்று சாலையை விட்டு விலகி ஓடிச் சில கோடுகளைச் சிதைத்தது.

இயற்கைச் செல்வங்களுள், 1973இல் அமைந்த மானு காட்டில் வெளியுலகத் தொடர்பை விரும்பாத பழங்குடியினரும் வாழ்கின்றனர். நம்முடைய எளிய சளிநோயும் அவர்களைக் கொல்லக்கூடும். ஆதலின் அங்குப் பிறர் புகாமையே காவல். 6,768 மீட்டர் உயர்ந்த உவாசுகரான் கொடுமுடியைச் சூழ்ந்த பூங்காவின் நிலையோ இரங்கத்தக்கது. உலகம் வெப்பமுறுதலால் அதன் பனியாறுகள் சுருங்கி வருகின்றன. இப்பகையை வாயிற்காவலர் தடுத்தல் யாங்ஙனம்?

இன்கா மன்னர் அமைத்த சாலைகள் 30,000 கிலோமீட்டருக்கு மேற்பட்டவை. பெரு முதலிய ஆறு நாடுகளின் வேண்டுகோளால் 2014இல் அவை உலகச் செல்வமாயின. அச்சாலைமரபில் வந்த கெசுவாசாகா என்னும் பாலம், அபுரிமாக் ஆற்றின்மேல் தொங்குகின்றது. அது முழுதும் புல்லால் ஆயது. ஆண்டுதோறும் சூன் மாதத்தில் நான்கு ஊரார் கூடுவர். மகளிர் புல்லைத் திரித்துச் சிறு கயிறாக்குவர். ஆடவர் அவற்றை முறுக்கிப் பின்னித் தொடை போன்ற பெருவடமாக்குவர். பழம்பாலத்தை அறுத்து ஆற்றில் விட்டுப் புதியதனை மூன்று நாளிற் கட்டி முடிப்பர். வண்டிகள் செல்லும் பாலம் அருகிலேயே உண்டு. எனினும் இவ்வழக்கம் நின்றிலது. கொள்ளைநோய் பரவிய 2020ஆம் ஆண்டில் ஊரார் கூடற்கியலவில்லை. புதுப்பிக்கப்படாத பாலம் 2021 மார்ச்சுத் திங்களில் அறுந்து வீழ்ந்தது. அவ்வாண்டு சூன் மாதம் நான்கு ஊராரும் புற்கட்டுகளோடு ஆற்றங்கரையில் மீண்டும் கூடி, இரு கரைக்கும் வடம் இழுத்தனர்.