வெந்நீர்ச் செலவு: கீசரா, ஹீட் பம்ப்பா?

கும்மிடிப்பூண்டி சிப்காட், திருவள்ளூர், காக்களூர் வட்டாரங்களில் தொழிலாளர் விடுதிகளும் லாட்ஜுகளும் கேண்டீன்களும் பெருகிவிட்டன. அவர்களுக்குச் சரக்கு கொடுக்கும் நம்மிடம், "ஹீட் பம்ப் வைத்தால் உண்மையிலேயே கரண்ட் மிச்சமாகுமா?" என்று கேட்கிறார்கள். விற்கிறவருக்குக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

சாதாரண கீசரில் உள்ள காயில், கரண்டை அப்படியே சூடாக மாற்றுகிறது. ஒரு யூனிட்டுக்கு 860 கிலோ கலோரி சூடு கிடைக்கும். எந்தக் கம்பெனி கீசரானாலும் அதற்கு மேல் வராது. ஹீட் பம்ப் அப்படியல்ல. வெளிக்காற்றில் உள்ள சூட்டை எடுத்துத் தண்ணீருக்கு ஏற்றுகிறது. கம்ப்ரஸரையும் விசிறியையும் ஓட்டத்தான் கரண்ட். சரக்கை உற்பத்தி செய்யும் செலவு வேறு, இருக்கும் சரக்கை லாரியில் ஏற்றும் கூலி வேறு அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

நம் கடை ஏசியும் இதே இனம்தான். ஒன்றரை டன் ஏசி, சுமார் ஒன்றரை கிலோவாட் கரண்டில் 5 கிலோவாட் சூட்டை அறையிலிருந்து வெளியே தள்ளுகிறது. பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப்பட்ட விஞ்ஞானி, இதைத் திருப்பிச் சூடேற்றவும் பயன்படுத்தலாம் என்று 1852-லேயே எடுத்துரைத்தார்.

இனி கணக்கு. ஒரு விடுதியில் தினமும் 500 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 58 டிகிரிக்குச் சூடாக்க 15,000 கிலோ கலோரி வேண்டும். கீசரில் சுமார் 17½ யூனிட். ஒரு யூனிட்டுக்கு மூன்று பங்கு சூடு தரும் ஹீட் பம்ப்பில் சுமார் 6 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 115 ரூபாய், வருடத்திற்குச் சுமார் 42,000 ரூபாய் மிச்சம். காற்று சூடாக இருக்க இருக்கப் பலன் கூடும். நம் ஊர் வெயில் இதற்குத் தோது.

ஆனால் எல்லோருக்கும் இதைத் தள்ளிவிடக் கூடாது. இரண்டு வாளி வெந்நீர் போதும் என்கிற வீட்டுக்குச் சின்ன கீசரே போதும். கொதிநீர் வேண்டிய வேலைக்கும் சாதாரண ஹீட் பம்ப் ஆகாது. காற்றோட்டமில்லாத அறையில் வைத்தால் பலன் குறையும். கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று வெளிக் காயிலை அரிக்கும். போர்வெல் உப்புத்தண்ணீர் உள்ளே படிவு கட்டும். சர்வீஸ் ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்றும் பார்க்க வேண்டும்.

நாமும் பல வருடம், "விலை குறைவு" என்ற ஒரே வார்த்தையில் காயில் கீசரை விற்றவர்கள்தான். ஒரு விடுதிக்காரர் கரண்ட் பில்லை நம் கல்லா மேஜையில் வைத்து, "அண்ணாச்சி, இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?" என்றபோது நம்மிடம் பதில் இல்லை. அன்று முதல், பொருளின் விலையையும் ஒரு வருடக் கரண்ட் செலவையும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுக்கிறோம். உறுப்பினர்களும் அவ்வாறே செய்து பாருங்கள். அந்தச் சீட்டைப் பார்த்த வாடிக்கையாளர் அடுத்த சரக்குக்கும் நம் கடைக்கே வருவார்.