எண் மட்டும் இருந்தால் போதுமா?



போன வருஷம் பிராஜெக்ட்டுக்காகக் கிரிவலப் பாதையோரக் கிணறுகளில் நீர்மட்டம் அளந்தோம். பழைய அளவோடு ஒப்பிடலாமே என்று சீனியர் அண்ணன்கள் விட்டுச்சென்ற நோட்டைத் திறந்தால், 'கிணறு 4 - 12' என்றிருக்கிறது. பன்னிரண்டு என்ன, அடியா, மீட்டரா? தரையிலிருந்தா, கைப்பிடிச் சுவரிலிருந்தா? எந்த மாசம்? ஒருவருக்கும் தெரியவில்லை. வெயிலில் அலைந்த அவர்கள் உழைப்பு அவ்வளவும் வீண்!

நம் அண்ணாமலையார் கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். எந்த அரசன், எத்தனையாவது ஆட்சியாண்டு, யார் கொடுத்தது, எவ்வளவு என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் பல நூற்றாண்டுகள் கழித்தும் அவை பேசுகின்றன.

விஞ்ஞானத்திலும் இதே கதைதான். கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தில் 1904 முதல் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் படம் பிடித்து வந்திருக்கிறார்கள். இந்திய வான் இயற்பியல் நிறுவனம் அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றியுள்ளது. வெறும் படமாக ஏற்றினால் போதாது. சில வகைப் படங்களில், கருவியின் அமைப்பினால் சூரியனின் பிம்பம் நேரத்துக்கு நேரம் சுழன்றிருக்கும். படம் எடுத்த நாளும் நேரமும் தெரிந்தால்தான் சூரியனின் வடக்கு எது என்று கணக்கிட முடியும். அன்று யாரோ ஒருவர் எழுதி வைத்த நேரம், இன்றைய ஆராய்ச்சிக்கு உயிர் கொடுக்கிறது!

இதைக் கவனிப்பதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் தேவை. எதை வைத்துக்கொள்வது என்று தேர்ந்தெடுப்பது, விவரக் குறிப்பு சேர்ப்பது, வகைப்படுத்துவது, பழைய ஃபிளாப்பியில் கிடப்பதைப் புதிய சாதனத்துக்கு மாற்றுவது, இரண்டு இடங்களில் பிரதி வைப்பது, யார் கேட்டாலும் தேடி எடுத்துத் தருவது, எல்லாம் அவர்கள் வேலை.

இந்தப் பயிற்சிக்கு நம் நாட்டில் வழிகாட்டியவர் ஒரு தமிழர். சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-ல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை எழுதினார். 1962-ல் பெங்களூரில், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ், ஆவணமாக்கல் ஆராய்ச்சி பயிற்சி மையத்தைத் தொடங்கினார். டிப்ளமோ முடித்து, பிறகு ஒரு பட்டமும் பெற்றால், நாமும் நூலக, தகவல் அறிவியல் படிக்கலாம். கருவியைத் தெரிந்தவனுக்கு அதன் அளவை எப்படிக் காப்பது என்பதும் சீக்கிரம் புரியும் அல்லவா?

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு அளவோடும் ஐந்தை எழுதுங்கள்: தேதி, இடம், கருவி, அலகு, அளந்தவர். ஐந்து நிமிஷ வேலைதான்.

நாங்கள் அளந்ததை இந்த முறை அப்படியே எழுதி டிபார்ட்மெண்டில் ஒப்படைத்துவிட்டோம். தம்பிகளே, தங்கைகளே, அடுத்த அளவு உங்களுடையது!

- மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு