யூடியூபும் வேண்டும், மூத்தவரும் வேண்டும்

ஒரகடத்தில் சிஎன்சி பிரிவில் வேலை பார்க்கிறேன். ஐடிஐ முடித்து வரும் தம்பிகள் அடிக்கடி கேட்பது இதுதான்: "எல்லாமே யூடியூபில் இருக்குதேண்ணே, சீனியர் எதுக்கு?"

பாதி சரி. ஜி-கோடு, எம்-கோடு, வரைபடம் வாசிப்பது எல்லாவற்றையும் தானே படிக்கலாம், படிக்கவும் வேண்டும். ஆனால் டூல் மழுங்கும்போது வெட்டும் சத்தம் எப்படி மாறும், எஃகுச் சீவல் நீலமாக வந்தால் அந்தச் சூடு இந்த வேலைக்குச் சரியா என்பதையெல்லாம் மெஷின் பக்கத்தில் நிற்பவர்தான் காட்டித்தர முடியும். வீடியோ நம் கையைக் கவனிப்பதில்லை, தவறினால் தடுப்பதுமில்லை.

1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டமும் பாடத்தோடு பணியிடப் பயிற்சியைச் சேர்த்தே வைத்திருக்கிறது.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. அந்தக் காலத்தில் இந்தப் பகுதியில் தொழில் பழகியவர்களில் பலர் இன்று ஓய்வை நெருங்குகிறார்கள். அவர்களுடைய அனுபவம் எந்தக் கையேட்டிலும் முழுதாக இல்லை. அவர்கள் போவதற்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தம்பிகளே, ஷிப்ட் முடிந்ததும் நீங்களே படியுங்கள். மறுநாள் மூத்தவரிடம் "எப்படி" என்பதோடு நிற்காமல் "ஏன்" என்றும் கேளுங்கள். படித்துவிட்டு வந்து கேட்பவருக்கு அவர்கள் மனம் திறந்து சொல்லித்தருவார்கள்.