மூலைக்கடையும் உழைப்பாளியின் வயிறும்

கீரை சாப்பிடு, பழம் சாப்பிடு, இனிப்பைக் குறை, எண்ணெயைக் குறை! ஏழைக்கு இந்த உபதேசத்தைச் செய்யாதவர் யார்? டாக்டர் சொல்கிறார், பத்திரிகை சொல்கிறது, மேடைக்கு மேடை மந்திரிமார்களும் சொல்கிறார்கள். நல்ல உபதேசந்தான், நாம் மறுக்கவில்லை. ஆனால் உபதேசிகள் ஒரு கேள்வியை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். அந்தக் கீரையும் பழமும் உழைப்பாளி குடியிருக்கும் தெருவிலே, அவன் கைக்கெட்டும் விலையிலே விற்கிறதா?

செல்வம் கொழிக்கும் நாடு என்று புகழப்படும் அமெரிக்காவிலேயே இந்தக் கேள்விக்கு "இல்லை" என்று பதில் சொல்லும் தெருக்கள் ஏராளம். அந்தக் கதையைத் தோழர்கள் தெரிந்து கொள்வது நல்லது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்நாட்டில் வசதி படைத்தோர், பெரும்பாலும் வெள்ளையர், நகரங்களை விட்டுப் புறநகர்களுக்குக் குடிபோனார்கள். காய்கறியும் மளிகையும் விற்கும் பெரிய அங்காடிகளும் அவர்கள் பின்னாலேயே போய்விட்டன. பணம் போகும் பக்கம் கடை போகும். வியாபாரத்தின் இயல்பு அது. நகரத்தில் மிஞ்சியவர்களில் கறுப்பின மக்களும், பிழைக்க வந்தவர்களும், கூலிக்கு உழைப்பவர்களுமே அதிகம். கார் இல்லாதவனுக்குப் புறநகர் அங்காடி எட்டாக்கனி. அவனுக்குக் கிடைத்தது தெருமுனையிலே இருக்கும் சிறு கடையும், பெட்ரோல் பங்க்கை ஒட்டிய கடையுந்தான். இவற்றை மூலைக்கடை என்றே அழைப்போம்.

மூலைக்கடையில் கண்ணில் படுவது என்ன? கோலா பானம், சிப்ஸ், மிட்டாய், சிகரெட். பிலடெல்பியா நகரத்து ஏழைப் பகுதிகளில், 10 பள்ளிகளுக்கு அருகே இருந்த மூலைக்கடைகளில் பிள்ளைகள் என்ன வாங்குகிறார்கள் என்று பார்த்த ஆய்வு ஒன்று 2009ஆம் ஆண்டில் வெளிவந்தது. 4ஆம் வகுப்பு முதல் 6ஆம் வகுப்பு வரை படிக்கும் அந்தக் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோர், பள்ளி நாள்களில் தினம் ஒரு முறையாவது அந்தக் கடைகளுக்குப் போகிறவர்கள். ஒரு தடவைக்குச் சராசரியாக 1 டாலர் 7 சென்ட் கொடுத்து, 350 கலோரிக்கு மேல் வாங்கிக் கொண்டு போனார்கள். அத்தனையும் பெரும்பாலும் சர்க்கரை, கொழுப்பு, உப்பு!

உடனே கடைக்காரரைத் திட்டக் கிளம்பாதீர்கள். அவரும் காலை முதல் இரவு வரை கல்லாவிலே நிற்கும் மனிதர்தான். அவருடைய கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். பானக் கம்பெனியின் வண்டி கடை வாசலுக்கே வருகிறது. குளிர்பெட்டியைக் கம்பெனியே கொடுக்கிறது. அதில் எந்தச் சரக்கு எந்தத் தட்டில் இருக்க வேண்டும் என்றும் கம்பெனியே பேசிவிடுகிறது. கண்ணில் படும் இடத்துக்குச் சன்மானமும் உண்டு. பெயர் பொறித்த அந்தக் குளிர்பெட்டி நம் ஊர்ப் பெட்டிக்கடையிலும் நிற்பதைப் பார்க்காதவர் உண்டா? பழத்துக்கு அப்படி வண்டி வருமா? ஒரு பெட்டி ஆரஞ்சுக்காக மொத்த வியாபாரி தெருமுனைக்கு லாரி அனுப்பமாட்டார். கடைக்காரரே பெரிய அங்காடிக்குப் போய்ச் சில்லறை விலைக்கு வாங்கி வந்து, அதற்கு மேல் லாபம் வைத்து விற்கவேண்டும். விற்காவிட்டால் அழுகும், நட்டம் அவர் தலையிலே. சிப்ஸ் பொட்டலமோ மாதக்கணக்கில் கெடாமல் தொங்கும். எதைத் தொங்கவிடுவார் அவர்?

இந்தக் கணக்கை மாற்றப் பிலடெல்பியாவில் 2004ஆம் ஆண்டு முதல் ஒரு தொண்டு நிறுவனம் முயன்றது. 2010இல் நகரச் சுகாதாரத் துறையும் கைகோத்தது. காய்கனி வைக்க அலமாரி, குளிர்பெட்டி, கடைக்காரருக்குப் பயிற்சி என்று 600 கடைகளுக்கு மேல் வேலை நடந்தது. எல்லாம் கடைக்காரர் விரும்பினால்தான்.

மின்னியாபொலிஸ் நகரமன்றம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. மளிகை விற்க உரிமம் வாங்கும் கடை இன்னின்ன சத்துள்ள பொருளை வைத்தே தீரவேண்டும் என்று 2008இல் சட்டம் செய்தது. அமெரிக்காவிலேயே அத்தகைய முதல் சட்டம். 2014இல் அதை வலுப்படுத்தியது. காய்கனி 30 பவுண்டு அல்லது 50 எண்ணம், அதுவும் 7 வகையில். பால் 5 காலன். முட்டை 6 டஜன். இன்னும் பருப்பு, முழுத் தானியம் என்று பட்டியல் நீண்டது. மூலைக்கடையும் பெட்ரோல் பங்க் கடையும் அதற்குத் தப்பவில்லை.

"தனியார் கடைக்குள்ளே அரசாங்கம் தலையிடலாமா?" என்று கேட்பார்கள் சுதந்திர வர்த்தக பக்தர்கள். ஐயா, அந்த அலமாரியிலே கம்பெனி தலையிட்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றனவே! அப்போது உங்கள் நா எங்கே போயிற்று?

ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். சட்டமில்லாத பக்கத்து நகரமான செயின்ட் பாலோடு ஒப்பிட்டு ஆராய்ந்த முடிவு 2019இல் வந்தது. இரண்டு ஊர்களிலும் கடைச் சரக்கு ஓரளவு சீர்பட்டிருந்தது. சட்டம் செய்த ஊர் தனித்து முந்தியதாகத் தெரியவில்லை. மக்கள் வாங்கிச் சென்ற பையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

அப்படியானால் சட்டம் வீணா? இல்லை. சட்டம் அலமாரியோடு நின்றுவிட்டது. கடைக்காரர் வாசலுக்கு அது லாரி அனுப்பவில்லை. வாங்குவோர் சட்டைப்பைக்குள் காசு போடவில்லை.

இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அந்நாட்டிலேயே சாட்சி உண்டு. வருவாய் குறைந்த கருவுற்ற தாய்மார்களுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அரசாங்கச் செலவில் உணவு தரும் திட்டம் அங்கே நெடுநாளாக நடந்து வருகிறது. 2009இல் அதைத் திருத்தினார்கள். காய்கனி வாங்கவென்றே தாயின் கையில் சீட்டு கொடுத்தார்கள். முழுத் தானியத்தையும் பட்டியலில் சேர்த்தார்கள். திட்டத்தில் சேர விரும்பும் கடை இவற்றை வைத்திருக்க வேண்டும் என்றும் நிபந்தனை போட்டார்கள். கனெக்டிகட் மாநிலத்தில் ஆராய்ந்து பார்த்தபோது, திட்டத்தில் சேர்ந்த சிறு கடைகளில் நல்ல உணவின் அளவுகோல் வசதியான பகுதிகளில் 16 சதவிகிதமும், ஏழைப் பகுதிகளில் 39 சதவிகிதமும் உயர்ந்திருந்தது.

எந்த மூலைக்கடையில் பழம் விற்காது என்றார்களோ, அதே வகைக் கடைதான். மாறியது எது? கடைக்காரருக்குக் கட்டளை வந்தது; கூடவே வாடிக்கைக்காரரும் காசோடு வந்தார். சரக்கு அழுகும் என்ற பயம் குறைந்தது. காய்கனிக்கான அந்தத் தொகை முதலில் குழந்தைக்கு மாதம் 6 டாலர் என்ற சொற்பந்தான். 2021இல் அதைப் பெரிதும் உயர்த்தினார்கள்.

ஆகவே தோழர்களே, "ஏழைக்கு நல்லது எது என்று தெரியவில்லை, நாக்கு ருசிக்கு அடிமையாகிவிட்டான்" என்று எவரேனும் பேசினால் கேட்டுக் கொண்டு வாளாவிருக்காதீர்கள். அவன் தெருமுனைக் கடையில் இருப்பது என்ன, அந்தச் சரக்கைக் கொண்டு வந்து இறக்குவது யார், அவன் சம்பளத்தில் பழத்துக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள். இம்மூன்றுக்கும் பதில் சொல்லத் தயாராக இருப்பவர் நம்மோடு வந்து உட்கார்ந்து பேசட்டும். பதில் இல்லாதவர், உழைப்பாளியின் தட்டைப் பற்றிப் பேசும் உரிமை தமக்கில்லை என்பதையாவது உணரட்டும்.