வெயில் தாக்கும்போது மனம் என்ன ஆகிறது?

இறைவாக்கினர் யோனாவின் வரலாற்றை நாம் அறிவோம். நினிவே நகர் மனம் மாறித் தப்பியதும் அவர் கோபத்தோடு வெளியே போய் உட்கார்ந்தார். நிழல் தந்த ஆமணக்குச் செடி மறுநாளே பட்டுப்போயிற்று. அனல்காற்று வீச, வெயில் தலையில் இறங்க, அவர் சோர்ந்து சாவை வேண்டினார். கோபம் முன்பே இருந்தது. அதைத் தாங்க முடியாததாக்கியது வெயில்.

மருத்துவ உலகமும் இதையே கூறுகிறது. நாம் உறங்க வேண்டுமானால் உடலின் சூடு சற்றுத் தணிய வேண்டும். புழுங்கும் இரவில் அது தணிவதில்லை. தூக்கம் கெட்டால் எரிச்சலும் பதற்றமும் கூடுகின்றன, மனச்சோர்வு ஆழமாகிறது. மேலும், மனநோய்க்கான மாத்திரைகள் சில வியர்வையைக் குறைக்கின்றன. சில தாகத்தை மறைக்கின்றன. லித்தியம் மாத்திரை சாப்பிடுவோருக்கு உடலில் நீர் வற்றினால் மருந்தே நஞ்சாகலாம்.

2021 ஜூன் இறுதியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் கடும் வெப்ப அலை வீசியது. லிட்டன் என்ற ஊரில் 49.6 டிகிரி செல்சியஸ் பதிவானது. வெப்பத்தால் 619 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் வீட்டிற்குள்ளேயே இறந்தார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் தனியாக வாழ்ந்தவர்கள். மனச்சிதைவு நோய் உடையோரின் பங்கு, பொதுமக்களிடையே அந்நோய் காணப்படும் அளவைவிட மிக அதிகமாக இருந்தது.

இதைப் படித்தபோது ஒரு தாயின் முகம் நம் நினைவுக்கு வந்தது. "சித்திரை வந்தாலே இவன் ஒரு நிலையில் இருக்க மாட்டேங்கிறான், சாமி" என்று மகனைக் குறித்து அழுதார். செபிக்கச் சொல்லி அனுப்பிவைத்தோம். செபம் தேவைதான். ஆனால் 'இரவில் தூங்குகிறானா, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறானா, தகரக் கூரையின் கீழா படுக்கிறான்' என்று நாம் கேட்கவில்லையே!

அன்பார்ந்தவர்களே, இந்தக் கோடையில் நாம் செய்யக்கூடியவை உண்டு. அன்பியத்தில் தனியாக வாழும் முதியோரையும் மனநோயால் வருந்துவோரையும் நாள்தோறும் ஒருவர் போய்ப் பார்க்கலாம். குடிக்க நீர் கொடுத்து, காற்றோட்டமான இடத்தில் படுக்கவைக்கலாம். மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. மருத்துவரைக் கேட்க வேண்டும். வெயிலில் ஒருவர் உடல் கொதித்து, தாறுமாறாகப் பேசினால் மந்திரித்துக் கொண்டிராமல் 108-ஐ அழைக்க வேண்டும். வாழ்வே வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அதை அலட்சியம் செய்யாமல் உடன் இருப்போம். 14416 என்ற இலவச மனநல உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது.

பாலைநிலத்தில் எலியாவும் சாவை வேண்டினார். வானதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. உறங்கவிட்டார், தணலில் சுட்ட அப்பமும் தண்ணீரும் தந்தார். அதன் பிறகே பயணத்தைப் பற்றிப் பேசினார். நமது அறிவுரையும் ஒரு குவளைத் தண்ணீருக்குப் பிறகே வரட்டும்.