மிதிவண்டியும் மாரடைப்பும்

மதுரைக்கு மேற்கே, சமணர் மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது கீழக்குயில்குடி. தாமரைக் குளமும் ஆலமரங்களும் அவ்வூருக்கு அழகு செய்கின்றன. பாறையில் வெட்டிய படிகளில் ஏறிச் சமணச் சிற்பங்களைக் காணச் செல்வோரின் நெஞ்சு விரைந்து துடிக்கும். சற்றே அமர்ந்தால் தணியும். நலமுடையவர்க்கு அத்துடிப்பு நோயன்று. இதயம் பெறும் பயிற்சியேயாகும்.

இதயம் ஓயாது உழைக்கும் ஒரு தசை. அதற்குக் குருதி கொண்டுவரும் குழாய்களின் உட்சுவரில் கொழுப்புப் படிகின்றது. அப்படிவு பிளந்த இடத்தில் குருதி உறைந்து வழியை அடைத்துவிடின், அதுவே மாரடைப்பு. குருதிக் கொதிப்பும் நீரிழிவும் புகைப்பழக்கமும் அதற்கு வழிகோலுவன. உடல் இயங்குங்கால் தசைகள் குருதியிலுள்ள சர்க்கரையை ஏற்றுக்கொள்கின்றன. நாளடைவில் குருதி அழுத்தமும் தணிகின்றது.

இலண்டனின் இரண்டடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநர் அமர்ந்தே இருப்பார். நடத்துநரோ படியேறி இறங்கிய வண்ணம் இருப்பார். இவ்விருவரையும் ஒப்பிட்டு ஜெரி மாரிஸ் என்னும் அறிஞர் 1953-ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். நடத்துநர்க்கே மாரடைப்புக் குறைவு என்பது அதன் முடிவு.

நம் நாட்டிலும் சான்று உண்டு. இலக்னோ, நாகபுரி, ஐதராபாத், பெங்களூரு ஆகிய நகரங்களின் தொழிலாளரையும், பெரும்பாலும் சிற்றூர்களில் வாழ்ந்த அவர்தம் உடன்பிறந்தாரையும் ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2013-இல் வெளிவந்தது. அதில் 3,902 பேர் இடம்பெற்றனர். வேலைக்கு மிதிவண்டியில் சென்றோரிடம், சொந்த மோட்டார் வண்டியில் சென்றோரைவிட, மிகை எடையும் குருதிக் கொதிப்பும் நீரிழிவும் குறைவாகவே இருந்தன. நடந்து சென்றோரிடமும் மிகை எடை குறைவு.

‘நலமுடையவர்தாமே மிதிவண்டி ஏறுகின்றனர்?’ என நீங்கள் வினவலாம். நல்ல வினா. வயது, புகைப்பழக்கம் முதலியவற்றைக் கணக்கிற்கொண்டே ஆய்வாளர் ஒப்பிட்டனர். ஆயினும் ஓர் ஆய்வு மட்டும் முடிந்த முடிபாகாது. பல நாட்டு ஆய்வுகளும் ஒரே திசையைக் காட்டுவதே அதன் வலிமை.

வாரந்தோறும் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. போக 15 நிமிடம், வர 15 நிமிடம், ஐந்து நாள், கணக்கு நிறைந்துவிட்டது! வெயிற் கொடுமைக்கு முன்னரே புறப்படுக. நடக்கையில் நெஞ்சு வலித்தால் தாமதியாது மருத்துவரை நாடுக.

பதினோராம் வகுப்பில் அரசு வழங்கும் மிதிவண்டி, படிப்பு முடிந்ததும் பல வீடுகளில் துருவேறிக் கிடக்கின்றது. வேலை கிடைத்ததும் மோட்டார் வண்டி வாங்குவதை முன்னேற்றம் என்கிறோம். அவ்வாறே ஆகுக, எனினும், அருகிலுள்ள இடத்திற்கேனும் அம்மிதிவண்டியை மறவாதீர். உங்கள் இதயம் அதனை மறவாது.