சிப்பி யாருக்குச் சொந்தம்?

கடலோரப் பங்குகளில் ஞாயிறு பூசை முடிந்த பின்னர்ப் பங்குக் குருவிடம் கேட்கப்படும் கேள்விகளுள் இதுவும் ஒன்று: "சாமி, கடலைக் கடவுள் எல்லாருக்கும் பொதுவாகத்தானே படைத்தார்? அங்கே கிடக்கிற சங்கையும் சிப்பியையும் அரசாங்க உத்தரவு இல்லாமல் எடுத்தால் அது களவா?" கேட்பவர் குறும்புக்காகக் கேட்பதில்லை, வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே என்ற கவலையோடு கேட்கிறார். ஆகவே, ஏழாவது கட்டளையை மட்டும் நினைவூட்டி அவரை அனுப்பிவிடுவது நியாயமாகாது.

கடலில் நீந்தித் திரியும் மீன் பிடிக்கும்வரை எவருக்கும் உடைமையன்று. பிடித்தவனுக்கே அது சொந்தம். இது பழைய உரோமைச் சட்டம் முதல் வழங்கிவரும் கொள்கை. சிப்பியோ அப்படிப்பட்டதன்று. நூல் போன்ற தன் இழைகளால் பாறையைப் பற்றிக்கொண்டு, வைத்த இடத்தில் வைத்தபடி அது வாழ்கிறது. சங்கு சற்றே ஊர்ந்தாலும் கடற்படுகையை விட்டு அகல்வதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாக் நீரிணையில் இராமநாதபுரம் அரசருக்குரிய சங்குப் படுகையில் குத்தகைதாரரின் இசைவின்றிச் சங்கெடுத்தோர்மீது வழக்கு நடந்தது. அச்செயல் களவே என்று சென்னை உயர்நீதிமன்றம் கொண்டது. 1958-ஆம் ஆண்டு ஜெனீவாவில் உருவான உடன்படிக்கையும் இவ்வேறுபாட்டை ஏற்றது: கடற்படுகையோடு ஒட்டி வாழும் உயிரினங்கள்மீது கரையோர நாட்டிற்கே உரிமை உண்டு. நம் அரசியலமைப்பின்படி, கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீன்வளத்தை ஆளும் பொறுப்பு மாநில அரசைச் சாரும்.

ஆனால், சட்டம் எழுதப்படுவதற்கு நெடுங்காலம் முன்னரே மன்னார் வளைகுடாவில் ஒழுங்கு இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழியே சென்ற மார்க்கோ போலோ, முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், இருபதில் ஒரு பங்கு சுறாக்களை மந்திரத்தால் கட்டுவோருக்கும் சென்றதாக எழுதியுள்ளார். (இந்தக் 'கடல்கட்டி' பிற்காலத்திலும் இருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இலங்கை முத்துக்குளிப்பை விவரித்த எமர்சன் டென்னன்ட், அப்போதைய கடல்கட்டி ஒரு கத்தோலிக்கர் என்று வியப்போடு குறிக்கிறார். அவருடைய பங்குக் குரு என்ன கூறினாரோ!)

முத்துச் சிப்பி செறிந்து வாழும் படுகையைப் 'பார்' என்பர். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொள்ளாயிரம் பார் புகழ்பெற்றது. எந்தப் பாரிலும் எவரும் நினைத்தவுடன் மூழ்கிவிட இயலாது. முதலில் அதிகாரிகள் பாரைச் சோதிப்பார்கள். மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றின் முத்தை வணிகரைக் கொண்டு மதிப்பிடுவார்கள். மூன்று வயது நிரம்பாத சிப்பியில் நல்ல முத்து அரிது. ஐந்தாறு வயதைக் கடந்தாலோ சிப்பி மடிந்து, முத்தும் மணலோடு போய்விடும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலம் வாய்த்தால்தான் குளிப்பு அறிவிக்கப்படும். அறிவிப்பு இல்லாத ஆண்டில் பாருக்கு ஓய்வு. குளிப்பு நாள்களில் கரையில் 'கொட்டு' எனப்பட்ட அடைப்புக்குள் சிப்பிகள் எண்ணப்பட்டுப் பங்கிடப்பட்டன. 1905-இல் இலங்கையின் மரிச்சுக்கட்டியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. காலில் கல்லைக் கட்டி ஆழத்தில் இறங்கியவருக்கு ஒரு பங்கு!

இங்கு ஒன்றைச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. அந்த ஒரு பருவத்தில் மட்டும் ஏறத்தாழ 8 கோடி சிப்பிகள் எடுக்கப்பட்டன. அந்த வருமானத்தைக் கண்டு மகிழ்ந்த ஆங்கில அரசு, மறு ஆண்டே பார்களை ஒரு கம்பெனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. வாடகை ஆண்டுக்கு 3 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய். பார் ஓய்வெடுத்தாலும் வாடகை ஓய்வெடுப்பதில்லை. மூத்த சிப்பிகள் தீர்ந்தபின் இளஞ்சிப்பிகள் வந்து நிரம்பவில்லை. 1912-இல் கம்பெனி முறிந்தது. இயற்கையின் மாறுதலுக்கும் இதில் பங்கு உண்டு. கடல் நீரோட்டமும், மணலும், 'சூரன்' எனப்படும் மட்டியினமும் பார்களை அடிக்கடி அழித்து வந்தன. எனினும், வயிற்றுக்காக நூறு சங்கெடுத்தவனைக் கள்ளன் என்ற அரசு, தானே ஓய்வு என்னும் விதியைக் காற்றில் விட்டது.

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் குளிப்பு நடந்தது. அதுவே இறுதி. 1973-இல் அதே கரையில், வேப்பலோடையில், நம் நாட்டு ஆய்வாளர்கள் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். பார்களோ பழைய வளத்திற்குத் திரும்பவில்லை.

சங்கிற்கு நெடுங்காலமாக அளவு விதி ஒன்று உண்டு. 57 மில்லிமீட்டர் விட்டத்திற்குக் குறைந்த சங்கைக் கடலிலேயே திரும்ப விட வேண்டும். கேரளத்தில் கொல்லத்தை அடுத்த அஷ்டமுடிக் காயலில், மட்டி இனம் பெருகும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அதை வாரத் தடை உண்டு. 2014-இல் அந்தத் தொழில் உலகத் தரச் சான்றும் பெற்றது. இவற்றைப் படிக்கும்போது இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரம் நினைவுக்கு வருகிறது. பறவைக் கூட்டைக் கண்டால் குஞ்சுகளை எடுத்துக்கொள்ளலாம், தாயைப் போகவிட வேண்டும் என்கிறது அச்சட்டம். காட்டுப் பறவை எவருடைய உடைமையும் அன்று. ஆயினும் அதன் இனம் அற்றுப்போகும்படி எடுக்க எவருக்கும் உரிமை இல்லை.

குருமடத்தில் நாங்கள் பயின்ற ஒழுக்கவியல் நூல்களில் ஒரு கருத்து உண்டு. சில சட்டங்கள் தண்டனைக்கு மட்டுமே உரியவை. அகப்பட்டால் அபராதம் கட்டவேண்டும், மீறுவது பாவமன்று என்பது அது. அனுமதிச் சீட்டின் கட்டணத்தைப் பற்றி ஒருவர் அவ்வாறு வாதாடினால் நான் பொறுமையோடு கேட்பேன். அளவு விதியையும் ஓய்வு விதியையும் பற்றி அவ்வாறு வாதாட இடமில்லை. சிறு சங்கை அள்ளுபவன் ஏமாற்றுவது மீன்வளத் துறையை அன்று; அடுத்த தோணியில் வரும் தன் மைத்துனனையும், இன்னும் மூழ்கக் கற்காத தன் மகனையுமே. படைப்பின் பொருள்கள் யாவருக்கும் உரியவை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கற்பித்தபோது, 'யாவரும்' என்னும் சொல்லில் அவர்களும் அடங்குவர். குத்தகைத் தொகையை மட்டும் பார்த்துப் படுகையை ஏலம் விடும் அதிகாரியும் இதே கட்டளைக்கு உட்பட்டவரே.

களவுக்குப் பரிகாரம் திருப்பிக் கொடுத்தல் என்பதை நாம் அறிவோம். சங்கு நீரை விட்டு எடுத்த பின்னும் சிறிது நேரம் உயிர் தரித்திருக்கும். அளவுக்குக் குறைந்தது கையில் ஏறிவிட்டால், கரைக்குக் கொண்டுவந்து யாரிடம் கொடுப்பது என்று தேட வேண்டாம். எடுத்த படுகையிலேயே, அன்றைக்கே, உயிரோடு விட்டுவிடலாம்.